எஞ்சின் கழுவிய பின் காருக்குள் வரும் வாடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜையை ஒட்டிக் காரை வாட்டர் சர்வீசுக்கு விடும்போது, பானெட்டைத் திறந்து எஞ்சினையும் கழுவித் தரச் சொல்வது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அப்படிக் கழுவி வந்த கார்களில் ஏசியைப் போட்டதும் டீசல் வாடையோ, சோப்பு கருகிய நெடியோ, பூசண நாற்றமோ வருவதாகப் பலரும் குறைப்படுகிறார்கள். "இரண்டு நாள் ஓட்டினால் போய்விடும்" என்பதுதான் பெரும்பாலும் சர்வீஸ் நிலையங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவன் என்ற முறையில், இந்தப் பதிலை எல்லா வாடைக்கும் பொருத்திவிடக் கூடாது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக வலியுறுத்த விரும்புகிறேன்.

காருக்குள் வரும் வெளிக்காற்று, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்திலுள்ள துளைத்தட்டின் வழியாக இழுக்கப்படுகிறது. பல கார்களில் எஞ்சின் அறையின் ஆவி அந்தத் துளைகளை எட்டாமல் தடுப்பது, பானெட்டின் பின்விளிம்பை ஒட்டி ஓடும் ரப்பர் பீடிங்தான். அழுத்தமான நீர் பட்டு இந்த பீடிங் கிளிப்பிலிருந்து கழன்றுகொள்வதும், அதை அழுத்திப் பொருத்தாமலே பானெட்டை மூடிவிடுவதும் அடிக்கடி நடக்கின்றன. விரற்கடை அளவுக்கு அது தூக்கி நின்றாலும் போதும், வண்டி சிக்னலில் நிற்கும் நேரத்தில் எஞ்சின் சூட்டில் கிளம்பும் ஆவி நேராக உள்ளே வந்துவிடும்.

இதில் எனக்கு மிகுந்த கவலை தருவது, டீசலையோ மண்ணெண்ணெயையோ கம்ப்ரஸர் காற்றோடு பீய்ச்சி எஞ்சினைக் கழுவும் பழக்கம். எண்ணெய்ப் பிசுக்கு சட்டென்று கரைவதும், எஞ்சின் புதிதுபோல் மின்னுவதும் உண்மைதான். ஆனால் தண்ணீர் எட்டாத இடுக்குகளில் தங்கிவிடும் டீசல், ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகும்போதும் ஆவியாகிக் காருக்குள் புகுந்து, பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தலைவலியையும் குமட்டலையும் உண்டாக்குகிறது. ரேடியேட்டர் ஹோஸ் போன்ற ரப்பர் பாகங்கள் டீசலில் ஊறினால் உப்பி வலுவிழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 200 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தில் டீசல் பொறியே இல்லாமல் தீப்பற்றக்கூடியது. ஓடும் எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாய் அந்த வெப்பத்தை எளிதாகத் தாண்டிவிடும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும், தண்ணீரில் கரையும் டிகிரீசர் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆறிய எஞ்சினில் அதை அளவாகத் தெளித்து நன்றாக அலசினால், மிஞ்சும் லேசான சோப்பு நெடி ஓரிரு முறை வண்டியை ஓட்டியதும் தானே நின்றுவிடும். சர்வீஸ் நிலையத்தாரின் பதில் பொருந்துவது இந்த வாடை ஒன்றுக்கு மட்டுமே.

பூசண நாற்றத்தின் காரணம் வேறு. வைப்பருக்கு அடியிலுள்ள வடிகால் துளைகளை வேப்பஞ்சருகு அடைத்திருந்தால், மேலே ஊற்றும் தண்ணீர் வடிய வழியின்றி ஏசி ஃபில்டரை நனைத்து, சில வேளைகளில் காலடி மிதியடிக்குக் கீழும் தேங்கிவிடுகிறது. பல கார்களில் குளோவ் பாக்ஸைக் கழற்றினால் இந்த ஃபில்டரை உருவி எடுக்கலாம். மடிப்பு மடிப்பான அந்தத் தாள் கறுத்து நமுத்திருப்பதையும், இடையில் சருகும், எலி கூடு கட்டக் கொண்டுவந்த பஞ்சும் ஒட்டியிருப்பதையும் நான் பலமுறை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். நனைந்ததைக் காயவைத்து மறுபடி மாட்டுவதில் பயனில்லை. சில நூறு ரூபாயில் புதியது போட்டுவிடலாம். ஆயுத பூஜையைத் தொடர்ந்து ஐப்பசி மழையும் வந்துவிடுவதால், கண்ணாடியை ஏற்றியே ஓட்டும் நாட்களில் இந்த ஈரம் தானாகக் காயும் என்று காத்திருக்க முடியாது.

பெட்ரோல் வாடை, பிளாஸ்டிக் கருகும் வாடை, சைலன்சர் புகை நெடி ஆகிய மூன்றில் எது வந்தாலும் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். கழுவும்போது எரிபொருள் குழாய் அசைந்திருக்கலாம், ஒயரிங் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். புகையோடு கலந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. வாடையை மறைக்க டேஷ்போர்டில் வாசனைப் புட்டியை வைத்து அனுப்பும் வழக்கம் அறவே நிற்க வேண்டும். ஓட்டுபவருக்குக் கிடைத்திருக்கும் ஒரே எச்சரிக்கையை அது அழித்துவிடுகிறது.

வாட்டர் சர்வீஸ் நிலையங்களுக்குத் தொழில் உரிமம் வழங்கும் உள்ளாட்சி அமைப்புகள், டீசல், மண்ணெண்ணெய் கொண்டு எஞ்சின் கழுவக் கூடாது என்பதை உரிமத்திலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். நிலைய உரிமையாளர்களும், எஞ்சினில் எதைத் தெளிக்கப்போகிறோம் என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, ஃபியூஸ் பாக்ஸையும், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் காற்றுத் துளைகளையும் பாலித்தீன் உறையால் மூடிய பிறகே தண்ணீர் அடிக்க வேண்டும். வண்டியை ஒப்படைக்கும்போது, வாடிக்கையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பீடிங்கைச் சரிபார்த்து, வெளிக்காற்று வரும்படி ஏசியைத் திருப்பிப் பத்து நிமிடம் எஞ்சினைத் திறந்த வெளியில் ஓடவிட்டுக் காட்டுவது அவர்களுக்குப் பெரிய வேலையாகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐடிஐ பயிற்றுநர்,
மதுரை.