பழைய காரில் ஆக்சிஜன் சென்சார்: மாட்டும் இடம்தான் முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஆக்சிஜன் சென்சார் பொருத்துவது பற்றி உங்கள் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்கு நாளிதழில் இடம் கிடைப்பதே அபூர்வம், சந்தோஷம். ஆனால் சென்சாரை மாட்டிவிட்டால் வண்டி நன்றாக இழுக்கும், பெட்ரோலும் மிச்சமாகும் என்கிற தோரணையில் முடித்துவிட்டார்கள் பாருங்கள், அது எனக்கு ஒப்பவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பழைய கார்பரேட்டர் வண்டியில் சென்சார் எதையும் சரிசெய்யாது, அது சொல்வதைக் கேட்டு நடக்க அங்கே கம்ப்யூட்டரே கிடையாது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து மீட்டரில் ஒரு எண் காட்டும், அதைப் பார்த்து ஜெட்டை, அதாவது கார்பரேட்டரில் பெட்ரோல் அளவாக வரும் துளையை, மாற்ற வேண்டியது நாம்தான். அந்த எண்ணே பொய் என்றால்? லீனாக (பெட்ரோல் குறைந்து) ஓடும் எஞ்சினை ரிச் (பெட்ரோல் அதிகம்) என்று நம்பி ஜெட்டை இன்னும் சின்னதாகப் போட்டால், ஃபுல் த்ராட்டிலில் பிஸ்டன் உருகிப்போகும்.

எந்த வகை சென்சார் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. 1976-ல் போஷ் நிறுவனம் கொண்டுவந்து, வோல்வோ கார்களில் முதலில் இடம்பிடித்த வகை இருக்கிறதே, அதைத்தான் நேரோபேண்ட் என்கிறோம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். லீன் என்றால் 0.1 வோல்ட், ரிச் என்றால் 0.8, 0.9 வோல்ட், நடுவே சட்டென்று ஒரு தாவல். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கு அது போதும். டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) இல்லாத பழைய பெர்ஃபார்மன்ஸ் எஞ்சின் முழு இழுவையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குக் கேட்பது 12.5, 13 பங்கு காற்று. அங்கே நேரோபேண்ட் "ரிச்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும், 12.8-க்கும் 11-க்கும் அதனிடம் உருப்படியான வித்தியாசம் கிடைக்காது. கலர் கலராக எரியும் அந்தச் சின்ன மீட்டர்கள் பார்க்க அழகாக இருக்கும், ட்யூனிங்குக்கு உதவாது. வேண்டியது அந்த அளவை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட், அதாவது ஐந்து வயர் சென்சாரும் அதற்கென்று தனி கன்ட்ரோலரும். போஷ் எல்எஸ்யூ 4.9 மாதிரி சென்சாரில் கனெக்டருக்குள்ளேயே அந்த சென்சாருக்கென்று அளவு பார்த்து வைத்த ரெசிஸ்டர் இருக்கிறது, அதனால் வயர் எட்டவில்லை என்று கனெக்டரை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். 18 மி.மீ. மரை, 1.5 பிட்ச் (மரைகளுக்கு இடையே 1.5 மி.மீ.), இந்த அளவில் மரை போட்ட இரும்பு வளையம் ஒன்றை எக்ஸாஸ்ட் பைப்பில் துளை போட்டு வெல்டிங் வைக்க வேண்டும். பைப்பின் குறுக்குவெட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் வளையம் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் வர வேண்டும். அடிப்பக்கம் வைத்தால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் பைப்புக்குள் கோக்கும் தண்ணீர் நேராக சென்சாரில் போய் உட்காரும். உள்ளே ஹீட்டர் பீங்கானை 700 டிகிரிக்கு மேல் சூடாக்கி வைத்திருக்கும்போது ஒரு சொட்டு பட்டாலே விரிசல்தான். அப்புறம் வளையத்தின் தடிமன். தடிமன் அதிகமானால் சென்சாரின் மூக்கு பைப்புக்குள் எட்டாமல் பள்ளத்துக்குள்ளேயே பதுங்கிவிடும், புகை அதைத் தொடாமலே தாண்டிப் போகும். பைப்பைக் கழற்றி வைத்திருக்கும்போதே சென்சாரைக் கையால் திருகி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், சென்சார் மூக்கில் உள்ள, துளை போட்ட உலோக மூடி வளையத்தைத் தாண்டி பைப்புக்குள் முழுசாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தாயிற்றா, கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அப்புறம்தான் வெல்டிங். சூட்டில் மரை கோணாமல் இருக்க வளையத்தில் ஒரு பழைய போல்ட்டைத் திருகி வைத்துக்கொள்ளலாம்.

டர்போ வண்டி என்றால் டர்போவுக்குப் பின்னால் வையுங்கள், முன்னால் இருக்கும் சூடும் அழுத்தமும் சென்சாருக்கு ஆகாது. அதற்காக சைலன்சர் கடைசி வரை கொண்டுபோனால் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டர் அழுத்தாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) வெளிக்காற்று பின்வாசல் வழியாக உள்ளே வந்து எண்ணைக் கெடுக்கும். பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு வேறு. சென்சாருக்கு முன்னாலேயே, எஞ்சினோடு எக்ஸாஸ்ட் சேரும் இடத்து மேனிஃபோல்ட் கேஸ்கெட்டோ, துருப்பிடித்த ஜாயின்ட்டோ கசியும். புகைதானே வெளியே போகிறது, நமக்கென்ன என்று விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு அழுத்த அலைக்கும் பின்னால் ஒரு உறிஞ்சலும் உண்டு, அதில் வெளிக்காற்று உள்ளே புகுந்து மீட்டரில் லீன் என்று வந்துவிடும். முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். அடைக்கும்போது கண்ட சிலிகான் பேஸ்ட்டையும் அப்பாதீர்கள், அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும், சென்சாருக்கு ஆபத்தில்லாதது என்று டப்பாவிலேயே போட்ட வகை கிடைக்கிறது. ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோலும் அதற்கு விஷம்.

எல்லாம் ஒழுங்காக மாட்டினாலும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியே வரும். சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டும்தான், அதனால் பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைக்கும்போதும் மீட்டர் லீன் என்றே சொல்லும். ஓவர்லேப் (காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் சேர்ந்தே திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சினில் ஐடிலிங்கிலும் இதே கதைதான். அங்கே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்க்கும் பழைய ஆட்களின் வழக்கத்தை நான் இன்னும் விடவில்லை.

எர்த் விஷயத்தைக் கட்டுரை தொடவே இல்லை. ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் எக்ஸாஸ்ட் பைப் வழியாகத்தான் கிடைக்கிறது, முப்பது வருடத் துருவைத் தாண்டி அது எங்கே ஒழுங்காகக் கிடைக்கப் போகிறது? நேரோபேண்ட்டே போதும் என்று வைப்பவர்களும் தனி எர்த் உள்ள நான்கு வயர் வகையை வாங்குவது நல்லது.

இன்னொன்றையும் அந்தப் பகுதியில் சேர்த்து வெளியிட்டால் உதவியாக இருக்கும். ட்யூனிங் முடிந்ததும் மீட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு சென்சாரை மட்டும் பைப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். கரண்ட் இல்லாமல் குளிர்ந்து கிடக்கும் சென்சாரில் கரி படிந்து சீக்கிரமே வீணாகிவிடும். சென்சாரையும் கழற்றிவிட்டு, அதே 18 மி.மீ. மரையில் ஒரு மூடி போல்ட்டைப் போட்டு இறுக்குங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் ஓட்டும் ஒரு வாசகன்