கிணறு இறைத்தால் ஒயில் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சிப் பக்கம் மெசின் வைத்துக் கிணறு இறைத்துக் கொடுப்பது என் தொழில். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறபட்டபோது கிணறெல்லாம் சேறும் மலமுமாய்ப் போனது. அந்த நாட்களில் மெசினுக்கு ஓய்வே இல்லை. இறைப்போம், குளோரின் போடுவோம், மணம் போக மறுபடி இறைப்போம். வெள்ளத்துக்கு அது சரியான வைத்தியம்தான்.

போன வருடம் ஒரு ஊரில் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பொதுக்கிணற்றுக்கும் இதே வைத்தியத்தைச் செய்யச் சொன்னார்கள். எட்டிப் பார்த்தால் தண்ணீரில் மயிற்கழுத்து நிறத்தில் ஒரு படலம். வாளியை இழுத்தால் விளிம்பில் கறுப்பு வளையம். பக்கத்தில் வாகனம் திருத்துகிற இடம். பின்புறம் மண்ணில் தோண்டிய ஒரு கிடங்கு. கழிவு ஒயில், பழைய பற்றறித் தண்ணீர் எல்லாம் வருடக்கணக்காக அதற்குள். மூன்று தரம் இறைத்தேன். ஒவ்வொரு தரமும் இரண்டு நாளில் படலம் திரும்பி வந்தது. கிணற்றுக்குள் இறக்கும் குழாயின் அடியில் பூட்டுகிற புட்வால்வின் றப்பர் ஊறிப் பொதுபொதுத்துப் போயிருந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இறைத்த தண்ணீரை நான் வேலியோரம்தான் விட்டேன். மண்ணுக்குள் இறங்கி அது வேறெங்கே போகும்? பாதி அதே கிணற்றுக்குத்தான் வந்திருக்கும். கூலியும் வாங்கினேன்.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்தவர்கள் சோடாப் போத்தலில் எடுத்துப் போனார்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ஒயிலுக்குக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துத் தனியாகப் பார்க்க வேண்டுமாம். பற்றறி ஈயத்துக்கு அது வேறு பரிசோதனை. 'சுடவைத்துக் குடியுங்கோ' என்று சனத்துக்குச் சொன்னார்கள். சுடவைத்தால் தண்ணீர் வற்றும், ஈயம் வற்றாது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நடந்ததைப் பார்த்த பிறகும் நாம் இப்படி இருக்கிறோம். மின் நிலையத்து ஒயில் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா. அந்தக் காசுக்குக் கிணற்றைச் சில தரம் இறைக்கலாம். மண்ணுக்குள் இருப்பதை எடுக்க முடியாது.

அமெரிக்காவில் வோபர்ன் என்ற ஊரின் கதையை மகள் தேடி வாசித்துக் காட்டினாள். அங்கே 1979 இல் நகரசபையின் இரண்டு குடிநீர்க் கிணறுகளை மூடினார்கள். இரும்பில் பிடித்த கிறீஸ் கழுவும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற திரவம் தண்ணீரில் கலந்திருந்தது. ஒயிலாவது மிதக்கும், கண்ணுக்குத் தெரியும்; இது தண்ணீரை விடப் பாரம், அடியில் போய் இருந்துவிடும். நஞ்சு ஊறிய மண்ணை அகற்றி, நிலத்தடி நீரை மேலே எடுத்துச் சுத்திகரித்து, செலவைக் கழிவு கொட்டிய கொம்பனிகளின் தலையில் கட்டினார்கள். நாற்பது வருடம் தாண்டியும் வேலை ஓய்ந்தபாடில்லை. அவ்வளவு காசுள்ள நாட்டுக்கே அந்தப் பாடு. எங்களுக்குக் கீழே பல இடங்களில் பாறை. தண்ணீர் வெடிப்பு வழியே ஓடும். எந்தக் கிடங்கின் நஞ்சு எந்தக் கிணற்றில் வந்து நிற்கும் என்று மேலே நின்று சொல்ல முடியாது.

ஆகவே சபைக்காரரிடம் கேட்பது பெரிய விசயமில்லை. முதலில் கிடங்கை மூடுங்கள். கறுத்த மண்ணை வெட்டி எடுங்கள். வெட்டியதைக் குளக்கட்டில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். பொதுக்கிணற்றுக்குப் பக்கத்தில் கராஜுக்கு அனுமதி கொடுக்கும்போதே கழிவு ஒயில் எங்கே போகிறது என்று கேளுங்கள். கழிவு ஒயிலை வாங்கிப் போக ஆட்கள் இருக்கிறார்கள், சும்மா ஊற்றத் தேவையில்லை. அப்புறம், பரிசோதனை முடிவைத் தாங்கியடியில் ஒட்டுங்கள், தமிழில்.

அந்தக் கிணற்றை இப்போது தகரம் போட்டு மூடியிருக்கிறார்கள். இரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீர்ப் பவுசர் வருகிறது. கிடங்கு இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

இங்ஙனம்,
கிணறு இறைப்பவன் ஒருவன்,
கிளிநொச்சி.