ஆவணக் காப்பாளரும் ஆசிரியர்தான்: வரலாற்றுத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு வரும் உங்கள் மாணவர்கள் பலர், “வகுப்புவாரி பிரதிநிதித்துவம் பற்றிய ஃபைல் எல்லாம் வேணும்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எந்தத் துறை, எந்த வருஷம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆவணங்கள் தலைப்பு வாரியாக இருக்காது, அவற்றை உண்டாக்கிய அலுவலகம் வைத்திருந்த வரிசையிலேயே இருக்கும் என்பதை எம்.ஏ. முடிக்கும்வரை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சொல்லித் தருபவர் அங்கே இருக்கும் ஆவணக் காப்பாளர். முதலில் அட்டவணைத் தொகுதியைப் பார், துறையையும் அரசாணை எண்ணையும் நாளையும் குறித்துக்கொள், பிறகு ஆவணம் கேட்டுச் சீட்டு எழுது. வகுப்புவாரி பிரதிநிதித்துவம் பற்றிய, 1921 செப்டம்பர் 16ஆம் நாளிட்ட 613ஆம் எண் ஆணை கிடைத்ததும் ஆணையை மட்டும் படமெடுத்துக்கொண்டு ஓடாதே. அதற்கு முன்னால் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று தேடிப் படி. ஆவணக் கட்டை அவிழ்த்தால் தாள்களின் வரிசையைக் கலைக்காதே. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கந்தல்துணிக் காகிதம் இன்றும் வளைந்து கொடுக்கும். பின்னால் வந்த மரக்கூழ்க் காகிதம் மடிப்பிலேயே நொறுங்கும், அடியில் கை கொடுத்துப் புரட்டு. இதற்குப் பெயர் பாடம் இல்லையா?

ஆவணக் காப்பாளர் ஆசிரியராவது சென்னைக்குப் புதிதும் அல்ல. 1911 முதல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸின் (இன்றைய எழும்பூர் காப்பகம்தான்) க்யூரேட்டராக, அதாவது தலைமைக் காப்பாளராக, இருந்த ஹென்றி டாட்வெல்தான் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கிலப் பதிப்பை நான்காம் தொகுதியிலிருந்து பதிப்பித்தவர். 1922இல் லண்டனுக்குப் பேராசிரியராகப் போனார். அவர் எழுத்தில் ஆள்பவரின் பார்வை உண்டு, அது வேறு வழக்கு. பதிவறையிலிருந்து பேராசிரியர் நாற்காலிக்கு அன்று ஒரு வழி இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்று? டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓராண்டு டிப்ளமா படித்து, வேலையிலேயே தேய்ந்து தேர்ந்த ஒருவரை நாம் அழைப்பது ‘சிறப்பு விருந்தினராக’. ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, மதியம் சாப்பாடு. ஒரு கல்லூரியில் ஆவணப் பயிற்சியை ஒரு பாடத்தாளாக வைக்கலாமே என்றேன். “அது லைப்ரரி சயன்ஸ்காரங்க வேலை சார்” என்றார்கள். நூலகரும் ஆவணக் காப்பாளரும் ஒன்றல்ல என்பதை முதலில் நம் துறைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

படித்தால் வேலை உண்டா என்று கேட்பீர்கள். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி மத்திய அரசின் ஒவ்வோர் அலுவலகமும் ஓர் ஆவண அலுவலரை நியமித்தாக வேண்டும். கோயில்கள், வங்கிகள், பழைய பள்ளிகளின் பீரோக்களிலும் காகிதம் குவிந்து கிடக்கிறது.

நான் கேட்பது முதுகலை முதல் பருவத்தில் ஒரு பாடத்தாள். பாதி நேரமாவது காப்பகத்தில் நடக்கட்டும். சென்னைக்கு வர முடியாதவர்களுக்குக் கலெக்டர் அலுவலகப் பதிவறைக்கு அனுமதி வாங்கித் தாருங்கள். பாடம் நடத்துவதும் மதிப்பெண் போடுவதும் ஆவணக் காப்பாளர். அவருக்கு மணிக்கணக்கில் ஊதியம். தேர்வு ஒன்றே: ஓர் அரசாணையைத் தானே தேடி எடுத்து, அதன் முன்கதையை நான்கு பக்கத்தில் எழுதுவது. அடுத்த பாடத்திட்டக் குழுவில் வையுங்கள். வரைவு என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்