உடையாது, மக்கும் என்று எழுதி விற்ற பிளாஸ்டிக் கோல்ப் முளைகள்: ஒரு புகார் கடிதம்

உவர்மலை,
திருகோணமலை.
2025.02.10

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

பொருள்: 2024 ஜூன் மாதம் வாங்கிய கோல்ப் முளைகளின் பொதியில் அச்சிடப்பட்டுள்ள பொய்யான உறுதிமொழிகள்

கோல்ப் பந்தை முதல் அடிக்காக நிறுத்தி வைக்கும் பிளாஸ்டிக் முளைகளை உங்கள் இணையக் கடையில் வாங்கினேன். பொதி ஒன்றில் 30 முளைகள், விலை 1,800 ரூபாய். நான்கு பொதிகளுக்கும் அனுப்பும் செலவு 450 ரூபாய்க்குமாக மொத்தம் 7,650 ரூபாய் செலுத்தினேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன். விளையாடுபவர்கள் இதை ‘டீ’ என்பார்கள். தேநீரோடு குழம்பாமல் இருப்பதற்காக இந்தக் கடிதம் முழுவதும் முளை என்றே எழுதுகிறேன். முப்பத்தொரு வருடங்கள் நில அளவையாளராக இருந்தவன் நான். எல்லையில் முளை அடிப்பதே என் தொழிலாக இருந்ததால் அந்தச் சொல்தான் எனக்கு இயல்பாக வருகிறது.

உங்கள் பொதியின் முகப்பில் “உடையவே உடையாது” என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே பச்சை நிறத்தில் ஓர் இலை வரைந்து, “மண்ணில் முழுமையாக மக்கிவிடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரிகளும் சேர்ந்து இருந்ததால்தான் வாங்கினேன். ஒன்று மட்டும் இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். அதற்கான காரணத்தை விளக்க எங்கள் ஊர் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் விளையாடுவது சீனக்குடாவில், விமானப்படையினர் பராமரிக்கும் 18 குழி மைதானத்தில். ஜூன் பிறந்துவிட்டால் கச்சான் காற்று தரையைக் காய்ச்சி எடுத்துவிடும். ஆகஸ்டில் அந்த மண்ணில் மரமுளையைக் கையால் அழுத்தினால் பாதி தூரம்கூட இறங்காது. அளவை வேலையில் செய்ததைப் போல, முதலில் ஓர் இரும்பாணியால் துளையிட்டுப் பிறகுதான் முளையை இறக்குவேன். இறக்கிய பின்னும் தொல்லை தீராது. ஈர மண்ணில் மட்டை பட்டதும் முளை பிடுங்கிக்கொண்டு எழுந்துவிடும், அதனால் பிழைத்துக்கொள்ளும். இறுகிய மண் அதன் உடலை விடாமல் பிடித்திருக்க, மட்டை தலையில் மோதும்போது கழுத்து முறிகிறது. மாரியில் ஒரு மரமுளை எனக்கு நான்கைந்து அடிகளுக்குத் தாங்கும். கோடையில் ஒரு காலைப்பொழுதில் எட்டு, ஒன்பது முறிந்துவிடும்.

ஆகவே வளைந்து நிமிரக்கூடிய பிளாஸ்டிக் முளை கோடைக்குப் பொருத்தமானது என்பதை நான் மறுக்கவில்லை. அதன் பக்கம் என் கை போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அடித்த வேகத்தில் புல்லுக்குள் பறந்து போகும் முளையைப் பல வேளைகளில் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான். மரமென்றால் மனம் உறுத்தாது. பிளாஸ்டிக் என்றால், நான் செத்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். உங்கள் பச்சை எழுத்து அந்தத் தயக்கத்தைப் போக்கியது.

முதல் மூன்று கிழமைகள் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே முளையில் இரண்டு நாட்கள் முழுமையாக விளையாடியிருக்கிறேன். இதை மறைத்தால் என் புகார் நேர்மையற்றதாகிவிடும். அதன் பிறகுதான் முளையின் தலையில் பந்தைத் தாங்கும் மூன்று பிளாஸ்டிக் விரல்களும் ஒவ்வொன்றாகத் தெறிக்கத் தொடங்கின. ஒரு விரல் போனாலே பந்து நிற்காது. கச்சான் வீசும் நேரத்தில் பந்தை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அது உருண்டு விழுந்துவிடும். கூர்முனைகள் இறுகிய தரையில் வளைந்தன. பொதியில் 83 மில்லிமீற்றர் என்று இருக்கிறது. வேர்னியர் இடுக்கியால் அளந்தபோது ஒரே பொதியில் 79 முதல் 84 வரை இருந்தது. சென்ரிமீற்றருக்காகக் காணிக்காரர்கள் வருடக்கணக்கில் வழக்காடுவதைப் பார்த்த எனக்கு ஐந்து மில்லிமீற்றர் சிறிய விடயமல்ல. பெரிய மட்டையால் அடிக்கும்போது பந்தின் பாதி, மட்டையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். உயரம் ஒவ்வொரு முறையும் மாறினால் அடியும் மாறும். முளையின் சிவப்புச் சாயம் மட்டையின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. மதுசாரம் தொட்டுத் துடைத்த பின்புதான் போனது.

ஆகஸ்ட் இறுதியில் முதற் பொதியைக் கணக்கெடுத்தேன். 30 முளைகளில் 11 உடைந்திருந்தன, 6 வளைந்திருந்தன, 9 காணாமற்போயிருந்தன. பாவிக்கக்கூடியதாக எஞ்சியவை 4. உடைந்த பதினொன்றுக்காக மட்டும் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். காணாமற்போன ஒன்பதுதான் என்னை எழுத வைக்கிறது.

செப்டெம்பரில் உங்கள் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழைத்தேன். பேசியவர் மரியாதையாகவே பேசினார், அதற்கு நன்றி. ஆனால், பாவனை முறையில் பிழை இருக்கலாம் என்றார். எல்லோரும் மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள் என்றார். என்ன வகைப் பிளாஸ்டிக் என்று கேட்டபோது, தாவர மாவிலிருந்து செய்தது, அதனால் மக்கும் என்றார். அதை எழுத்தில் தரும்படி அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை. பொதியிலும் மூலப்பொருளின் பெயர் இல்லை. மீள்சுழற்சிக்கான முக்கோணக் குறியும் எண்ணும்கூட இல்லை.

தாவர மாவிலிருந்து எடுக்கும் பொலிலக்ரிக் அமிலம் என்ற பிளாஸ்டிக் இருப்பது உண்மை. ஆனால் அது ஒழுங்காக மக்குவதற்கு ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பமும் ஈரமும் கிழமைக்கணக்கில் நீடிக்க வேண்டும். அதற்கென்று அமைத்த பெரிய உரத் தொழிற்சாலைகளில்தான் அந்த நிலை கிடைக்கும். மைதானத்துப் புல்லுக்கடியில் கிடைக்காது. உங்கள் முளை சாதாரண பொலிபுரொப்பிலீனோ பொலிகாபனேற்றோ என்றால் மக்குவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. எப்படிப் பார்த்தாலும் “மண்ணில் முழுமையாக” என்ற சொற்கள் பொதியில் இருக்கக் கூடாது.

வாதம் செய்வதைவிட அளந்து பார்ப்பதே என் பழக்கம். 2024 ஒக்ரோபர் 1ஆம் திகதி என் வீட்டுப் பின்வளவில் வாழைமரத்தடியில், நான்கு அங்குல ஆழத்தில், உங்கள் முளைகள் ஆறையும் பேர்ச் மரமுளைகள் ஆறையும் இரண்டு வரிசையாகப் புதைத்தேன். ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் அடையாளக் கட்டை நட்டேன். பிறகு மாரி வந்தது. நவம்பர் கடைசியில் கிழக்கு மாகாணத்தையே மூழ்கடித்த மழையில் அந்த வளவு பல நாட்கள் சேறாகவே கிடந்தது. ஜனவரி 31ஆம் திகதி, 122 நாட்களின் பின், தோண்டினேன்.

மரமுளைகளில் ஒன்றைக் கறையான் பாதிக்கு மேல் தின்றிருந்தது. இன்னொன்று எடுக்கும்போதே இரண்டாகப் பிரிந்தது. மற்ற நான்கும் கறுத்து ஊறி, நகத்தால் கீறினால் நாராக உரிந்தன. நான்கு மாதத்தில் அவை முழுமையாக மக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மக்கத் தொடங்கிவிட்டன. உங்கள் ஆறு முளைகளையும் வாளித் தண்ணீரில் ஒருமுறை அலசினேன். கடையிலிருந்து வந்த நாளின் நிறத்தோடு இருந்தன. இடுக்கியில் வைத்துப் பார்த்தேன், அளவில் ஒரு மாற்றமும் இல்லை. அவற்றில் ஒன்றை மறுநாள் மைதானத்துக்குக் கொண்டு போய்ப் பந்தை வைத்து அடித்தேன். குறையின்றி நின்றது. இரண்டு வரிசைகளின் படங்களும் இத்துடன் இருக்கின்றன.

இது ஒரு விரல் நீளச் சாமான்தானே என்று நீங்கள் நினைக்கலாம். மழைக்குப் பிந்திய ஒரு காலையில் மைதானத்திலிருந்து வெளியே வரும் வழியில், வெள்ளம் ஓடி வடிந்த கானில் ஒரு சிவப்பு முளையைக் கண்டேன். குனிந்து எடுத்தேன். தலையில் ஒரு விரல் உடைந்திருந்தது. என்னுடையதா, நண்பர்களுடையதா என்று அறிய வழியில்லை. இந்தப் பக்கத்துக் கான்களின் தண்ணீர் போய்ச் சேருமிடம் குடா. குடாவின் வாய்க்கு வெளியே கடல். வடக்கே கொஞ்சத் தூரத்தில் நிலாவெளி, அதற்கு எதிரே பவளப்பாறைகளும் ஆமைகளும் உள்ள புறாத்தீவு. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அருகே எரிந்தபோது மேற்குக் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளைக் கையாலும் சல்லடையாலும் அள்ளியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொழும்பில் இருக்கும் நிறுவனத்துக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. அது விபத்து. என் ஒன்பது முளைகளை, மக்கிவிடும் என்று நம்பி, நானே தேடாமல் விட்டேன். மக்காது என்று தெரிந்திருந்தால் முழங்காலில் நின்றாவது தேடியிருப்பேன். பிளாஸ்டிக் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவரைவிட, மக்கும் என்று பொய் எழுதி விற்பவர் அதிகக் கேடு செய்கிறார் என்று நான் சொல்வது இதனால்தான். அந்தப் பொய் வாங்குபவனின் கவனத்தைக் கெடுத்துவிடுகிறது.

நான்கு பொதிகளில் மூன்று என் நண்பர்களுக்காக வாங்கியவை. “நான் பார்த்துத்தான் சொல்கிறேன், வாங்குங்கள்” என்று அவர்களிடம் சொன்னவன் நான். ஒருவர் தன் பொதியைத் திறக்கவே இல்லை. புதைத்த ஆறும் அதிலிருந்து எடுத்தவை. என் கையொப்பத்தை நம்பித்தான் இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் வேலி போட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட என் சொல், உங்கள் பொதியின் எழுத்தை நம்பியதால், முதல் தடவையாகப் பொய்த்துப் போனது. மூவருக்கும் பணத்தை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பொதியின் பின்புறத்தில் “10 மீற்றர் கூடுதல் தூரம்” என்றும் இருக்கிறது. பந்தின் போக்கில் தகாத செல்வாக்குச் செலுத்தும் முளையை விளையாட்டின் விதிகள் ஏற்பதில்லை. முளைக்கு அவை விதிக்கும் உச்ச நீளம் 101.6 மில்லிமீற்றர். விதிக்கு உட்பட்ட முளை 10 மீற்றர் தருகிறது என்றால் அதற்கு ஆதாரம் காட்டுங்கள். நான் ஒரு மீற்றரையும் காணவில்லை.

மரத்தையோ பிளாஸ்டிக்கையோ நான் கண்மூடித்தனமாக ஆதரிக்கவில்லை. முளையே இல்லாத காலத்தில் ஈரமணலைக் கையால் குவித்து அதன்மேல் பந்தை வைத்தே விளையாடினார்கள். 1899இல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஜோர்ஜ் கிராண்ட் மரமுளை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்னொரு பல் வைத்தியரான வில்லியம் லோவெல் 1920களில் சிவப்புத் தலை மரமுளைகளை விற்கத் தொடங்கிய பிறகுதான் அது எங்கும் பரவியது. சென்ற ஆகஸ்டில் உங்கள் முளைகள் கைவிட்டபோது, உப்புவெளிக் கடற்கரை மணலை ஒரு போத்தலில் கொண்டு போய், நனைத்துக் குவித்து, அதன்மேல் வைத்து அடித்தேன். நன்றாகவே போனது. இப்போது மாரியில் பேர்ச் மரமுளை பாவிக்கிறேன். கோடைக்கு மூங்கில் முளை தேடிக்கொண்டிருக்கிறேன், அதன் நார் மரத்தைவிட உரமானது. தன் முளையைத் தவறாமல் தேடி எடுப்பவருக்கு நல்ல பிளாஸ்டிக் முளையும் பொருத்தம்தான். எதை வாங்குவது என்று நாங்கள் தீர்மானிப்பதற்கு அது எதனால் செய்யப்பட்டது என்ற உண்மை தெரிய வேண்டும். அதைத்தான் நீங்கள் மறைத்தீர்கள்.

நான் கேட்பது இவைதான். 7,650 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். எஞ்சிய முளைகளையும், புதைத்து எடுத்த ஆறையும் தபாலில் அனுப்பி வைக்கிறேன், உங்கள் இறக்குமதிப் பிரிவினர் கையில் எடுத்துப் பார்க்கட்டும். மூலப்பொருளின் பெயரை எழுத்தில் அறிவியுங்கள். கையிருப்பில் உள்ள பொதிகளிலிருந்தும் இணையக் கடையிலிருந்தும் “மண்ணில் முழுமையாக மக்கிவிடும்” என்ற வரியை நீக்கி, அந்த இடத்தில் “பாவித்தபின் எடுத்துச் செல்லுங்கள்” என்று அச்சிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் தொலைபேசி இலக்கங்கள் உங்களிடம் இருக்கின்றன. அவர்களுக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். பணத்தைவிட இந்தக் கடைசிக் கோரிக்கையே எனக்கு முக்கியம்.

இந்தக் கடிதம் கிடைத்து 21 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன். பொதியின் மேலட்டை, பற்றுச்சீட்டு, மின்னஞ்சல்கள், படங்கள், அளவுக் குறிப்புகள் அனைத்தும் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் அலுவலர் எவராவது திருகோணமலைக்கு வந்தால், வாழைமரத்தடியில் இன்னும் நட்டபடி நிற்கும் அடையாளக் கட்டைகளையும் காட்டுவேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, பொதியின் மேலட்டைப் படம், புதைத்து எடுத்த முளைகளின் படங்கள், அளவுக் குறிப்புகள்