கணிதப் பிரிவுக்குப் பிள்ளைகள் வர வேண்டுமானால்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பதினோராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் (சா/த) பெறுபேறு வெளியானதும் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கணிதத்தில் ஏயோ பியோ எடுத்துவிட்டு, மற்றப் பாடங்களில் நடுத்தரமாக நிற்கும் பிள்ளைகளும் நம்மிடம் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் உயர்தரத்தில், கணிதப் பிரிவின் முக்கிய பாடமான இணைந்த கணிதம் எடுக்கிறார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான பிள்ளைகள் கணிதத்தை விடுவது மூளை எட்டாததால் அல்ல. பக்கத்தில் வகுப்பு இல்லை, வீட்டில் பயம், முதல் தவணையில் கைபிடிக்க ஆள் இல்லை. இவைதான் காரணம்.

உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் 1ஏபி வகைப் பாடசாலைகளில்தான் நடக்கும். 1சி வகையில் கலையும் வர்த்தகமும்தான். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பிள்ளை கணிதப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதென்றால், பல ஊர்களில் அதற்கு அர்த்தம் ஊரை விட்டு வெளியே போவது. மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளை வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு, பின்னேர வகுப்பும் முடித்து வீடு திரும்ப இருட்டிவிடும். பெண் பிள்ளை என்றால் பெற்றோர் அந்த இடத்திலேயே கதையை முடித்துவிடுகிறார்கள்.

சா/தவில் கணிதத்துக்கு ஏ எடுத்த ஒரு மாணவியின் தகப்பன் என்னிடம் சொன்னார்: “ஆர்ட்ஸ் எடுத்தா எப்படியும் கம்பசுக்குப் போயிடுவாள் சேர். மட்ஸ் எடுத்து மூண்டையும் கோட்டை விட்டா என்ன செய்யிற?” வயல் வேலை செய்து பிள்ளையைப் படிப்பித்த மனிதர். அவருடைய பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு பாடசாலைக்கும் கல்வி அதிகாரிகளுக்கும் இருக்கிறது. அவர்கள் சொல்வதற்கு முன்பே, பெறுபேறு கைக்கு வருமுன்னரே, எந்தப் பிரிவு என்பது வீட்டுத் திண்ணையில் முடிவாகிவிடுகிறது.

அந்தத் தகப்பனுக்குச் சொல்லக்கூடிய விஷயங்கள் உண்டு. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பகிரப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நம்முடைய இரண்டு மாவட்டங்களும் அதில் இருக்கின்றன. ஆகவே கொழும்புப் பிள்ளையோடு நேருக்கு நேர் மோதி வென்றால்தான் இடம் என்பதில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் ஒலுவிலிலேயே இருக்கிறது. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம். இவற்றைப் பத்தாம் தரத்திலேயே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

அப்புறம், 12ஆம் தரத்துக்குள் போன பிள்ளையின் கதை. சா/த வினாத்தாள் படிப்படியாகக் கேட்கும். ஒரு பகுதிக்கு விடை கண்டால் அடுத்ததற்கு வழி தெரியும். இணைந்த கணிதத்தில் ‘நிறுவுக’ என்று ஒரே வரியில் கேள்வி நிற்கும். சமனிலியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னத்தின் பகுதியில் (கீழே) தெரியாக்கணியம் வந்தால், பிள்ளைகள் பழக்கத்தில் இரண்டு பக்கத்தையும் அதனாலேயே பெருக்கிவிடுவார்கள். அது மறைப் பெறுமானம் (பூச்சியத்தை விடக் குறைந்த பெறுமானம்) எடுக்கலாம், எடுத்தால் சமனிலியின் திசை மாறும் என்பது அவர்களுக்குத் தோன்றாது. இதை ஒரு நாள் உட்கார்ந்து, எண்களைப் போட்டுப் பார்த்து விளங்கப்படுத்தினால் போதும், பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாள் கிடைக்காத பிள்ளை முதல் தவணைப் பரீட்சையில் இருபதோ முப்பதோ எடுத்துவிட்டு, தனக்குக் கணிதம் வராது என்று முடிவு கட்டி, கலைப் பிரிவுக்கு மாறிவிடுகிறது. இப்படிக் கைநழுவிப் போன பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

சா/த பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில் சில மாதங்கள் கிடைக்கின்றனவே, அதைப் பயன்படுத்தலாம் என்பதுதான் என் கோரிக்கை. ஒவ்வொரு கல்வி வலயத்திலும் இரண்டு மூன்று இடங்களில் இலவச முன்னோடி வகுப்பு வையுங்கள். பாடத்திட்டத்தை ஓட்டி முடிக்கும் வகுப்பு வேண்டாம். சார்பு, சமனிலி, திரிகோணகணிதம், காவி (வெக்டர்) இந்த நான்கையும் ஆறுதலாகத் தொட்டுக் காட்டினால் போதும். இரு பல்கலைக்கழகங்களின் கணித மாணவர்களையும் அழைக்கலாம். நம் ஊரிலிருந்து போன ஒரு அக்கா வந்து கணக்குச் செய்து காட்டினால், அதைப் பார்க்கும் பிள்ளைக்கு வரும் துணிவை எங்களால் கொடுக்க முடியாது.

இங்கிலாந்தில் 16 வயதுக்குப் பிறகு உயர்நிலைக் கணிதம் எடுக்கும் ஒவ்வொரு மேலதிக மாணவருக்கும் பாடசாலைக்கு 600 பவுண் கொடுப்பதாக 2017இல் அறிவித்தார்கள். நம்மிடம் அந்தப் பணம் இல்லை, சரி. ஆனால் ஒரு பாடசாலையில் பத்துப் பிள்ளைகள் கணிதப் பிரிவுக்குத் தயாராக நின்றால், அங்கே ஒரு பட்டதாரி ஆசிரியரை நியமிப்போம் என்ற உறுதியாவது கொடுக்க முடியாதா? இன்று இந்த ஊர்களில் யாரும் கணிதம் எடுக்காவிட்டால் இன்னும் பத்து வருடத்தில் இங்கே படிப்பிக்க வரும் ஆசிரியர் யார்? வெளியிலிருந்து நியமனம் பெற்று வருபவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டுதான் இருப்பார்.

இன்னொன்று. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரைத் தமிழறிஞராகத்தான் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அவர் லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்சி. பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் சுரங்களின் இடைவெளிகளை விகிதங்களாகக் கணக்கிட்டு ஆராய்ந்திருக்கிறார். அதையும் விழா மேடைகளில் சொல்லுங்கள்.

முன்னோடி வகுப்புக்குச் சம்பளம் கேட்காமல் வரத் தயாராக உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள், நானும் ஒருவன். வெல்லாவெளியிலோ கொக்கட்டிச்சோலையிலோ சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பறையும், பிள்ளைகள் வந்து போக ஒரு பஸ்ஸும் ஒழுங்கு செய்து தரும்படி வலயக் கல்விப் பணிப்பாளர்களை உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.