ஆங்குலர்: ஒவ்வொரு பதிப்பாக ஏறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூர், கோவைப் பக்கம் கம்பெனிகளுக்கு ஆங்குலரில் (கூகுளின் வலைச்செயலி கட்டமைப்பு) எழுதித் தந்த ஆர்டர், ஸ்டாக் மென்பொருள்களை "ஓடுற வரைக்கும் ஓடட்டுங்க" என்று விட்டுவிடுகிறார்கள். செலவு அங்கேதான் ஏறுகிறது.

2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கும் 2016 செப்டம்பரில் வந்த ஆங்குலர் 2க்கும் பெயர்தான் சொந்தம். பழையதற்கு ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. பிறகு சுமார் ஆறு மாதத்துக்கொரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 18 மாத ஆதரவு என்பது வழக்கமானது.

உதாரணமாக, பதிப்பு 12இலிருந்து 17க்கு ஒரே தாவாகத் தாவக் கூடாது. ஒவ்வொரு படியிலும் 'என்ஜி அப்டேட்' என்ற கட்டளையை ஓட்டி, பில்டு (ஓடும் வடிவம்) எடுத்துச் சோதித்து, மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் கருவியில் கமிட் (பதிவு) செய்த பிறகே அடுத்தது. கமிட் ஆகாத மாற்றம் கிடந்தால் கட்டளை நின்றுவிடும். 17க்கு நோட் (இந்தக் கட்டளைகளை ஓட்டும் மென்பொருள்) குறைந்தது 18.13 வேண்டும், 15க்கு வந்ததும் நோடை 18க்கு மாற்றிக்கொள்ளலாம்.

அதிகம் உதைப்பது மெட்டீரியல் (பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி போன்றவற்றின் ஆயத்தத் தொகுப்பு). 15இல் அதன் உள் எச்டிஎம்எல்லும் கிளாஸ் பெயர்களும் மாறின. 'மேட்' என்று தொடங்கும் கிளாஸ்களைப் பிடித்து எழுதிய சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) எரர் காட்டாமலே செத்துப்போகும், உள்ளீட்டுப் பெட்டிகள் உயர்ந்து படிவம் கலையும். 'லெகசி' என்ற பழைய வடிவம் 16 வரைதான். வியூ எஞ்சின் (ஆங்குலரின் பழைய உள் இயந்திரம்) காலத்து லைப்ரரிகளும் 16இல் ஓடாது. மாற்று இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

பட்டியலைக் காட்டும் 17இன் புதிய 'ஃபார்' எழுத்துமுறையில் 'டிராக்' (ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் குறிப்பு) கட்டாயம். நிபந்தனைப்படி காட்டும் பழைய 'என்ஜிஇஃப்'பை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், 17இலும் அது ஓடும்.

இப்படிக்கு,
வலைநிரலாளர்கள் சிலர்,
சரவணம்பட்டி, கோவை.