பந்தலூருக்கும் ஒரு நாள் வாருங்கள்

நீலகிரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வணக்கம்.

பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடுவே அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். இங்கே பிள்ளைகளைக் காலையில் கொண்டுவந்து விடுவது பெரும்பாலும் பாட்டிமார்தான். பெற்றவர்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார்கள். பால்குடி மறந்ததும் பிள்ளையை மலைக்குப் பாட்டியிடம் அனுப்பிவிடுவார்கள். ஐந்தாறு வருடம் கழித்துக் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், "பிள்ளையைக் கூட்டிட்டுப் போறோம்" என்று வந்து நிற்பார்கள். பல வீடுகளில் அழுகையோடு முடிந்துவிடும். மகள் இறந்து, மருமகன் வேறு கல்யாணம் கட்டியிருந்தால் மட்டும் விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போகிறது.

அங்கே சொல்வது ஒன்றுதான்: "அப்பன் கேக்குறான், குடுத்துடுங்க பாட்டி." இந்துக் குடும்பங்களுக்கான 1956ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தில் தகப்பனே இயற்கைக் காப்பாளர், சரி. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறதே, அதைப் பாட்டியிடம் யார் சொல்வது? 2008இல் நில் ரத்தன் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் பையனை நேரில் கூப்பிட்டுக் கேட்டு, தாய்வழித் தாத்தா பாட்டியிடமே இருக்கவிட்டது. 2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைத்தது; அதுவரை வளர்த்த உறவினர்கள் போய்ப் பார்க்கவும் வழி வைத்தது. ஆக, பாட்டிதான் ஜெயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வளர்த்தவளையும் உட்காரவைத்துக் கேளுங்கள் என்கிறேன். பிள்ளையை ஒரே நாளில் பஸ் ஏற்றாமல், முதலில் லீவுக்கு அனுப்பி, பழகவிட்டு, அப்புறம் பள்ளிக்கூடம் மாற்றலாம். அதை இரண்டு பக்கமும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

இதற்கு வழக்கே வேண்டியதில்லை. வழக்காகும் முன்பே பேசி முடிக்க உங்கள் மக்கள் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. காப்பாளர் வழக்கென்று போனால் ஊட்டிதான். இங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் நடுவட்டம் பக்கம் மண் சரிந்தால் அந்த வழியும் இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போய்க் கோர்ட் வராண்டாவில் நிற்கிறார்கள். பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100க்கு போன் செய்தால் போதும் என்பது இவர்களுக்குத் தெரிவதே கம்மலை அடகு வைத்த பிறகுதான். (நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள், பார்த்தேன். படிக்கத் தெரிந்த பாட்டி எத்தனை பேர்?)

மாதம் ஒருமுறை உங்கள் சமரசக்காரர் ஒருவரைப் பந்தலூருக்கு அனுப்புங்கள். பேச இடம் வேண்டுமென்றால் எங்கள் அங்கன்வாடி இருக்கிறது. பிள்ளைக்கும் அது பழகின இடம், பயப்படாமல் பேசும். ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். மற்ற நாளில் இலை பறிக்கப் போகாவிட்டால் பாட்டிக்குச் சம்பளம் போய்விடும். திருப்பூர்க்காரர்களுக்கும் அன்றுதான் லீவு.